ஆடுகிறவனின் கால்கள்: ரஷீத் மெக்லூஃபி குறித்துச் சில குறிப்புகள்

1

2024 நவம்பர் 8ஆம் தேதி அல்ஜியர்ஸ் நகரில் ரஷீத் மெக்லூஃபி இறந்துபோனார். வயது 88. பிரான்சின் சேந்த்-எத்தியேன் கால்பந்துக் கழகத்துக்காக ஏறத்தாழ 150 கோல்கள் அடித்த ஃபார்வர்ட். பிரெஞ்சு லீகை அந்தக் கழகத்தோடு நான்கு முறை வென்றவர். பிரான்ஸ் தேசிய அணிக்கு நான்கு ஆட்டம் ஆடியவர். 1958ல் அந்த அணியோடு உலகக் கோப்பைக்குப் போயிருக்க வேண்டியவர், அதற்கு இரண்டு மாதம் முன்னால் எல்லையைத் தாண்டி அல்ஜீரிய விடுதலை இயக்கத்தோடு சேர்ந்துகொண்டார். அவரைப் பற்றிய இரங்கல் குறிப்புகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சுற்றியே எழுதப்பட்டன. தேசத்துக்காக எல்லாவற்றையும் தியாகம் செய்தவர் என்று முடிந்தன.

இந்தத் 'தியாகம்' என்கிற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. தியாகத்துக்கு நம்மூர் அரசியலில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். ஒருவரைத் தியாகி ஆக்கிவிட்டால் அப்புறம் அவர் எதையும் கேட்க முடியாது. மாலையோடு நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். மெக்லூஃபி 1958ல் எதையும் இழக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறையவே இழந்தார். ஆனால் அவருடைய நீண்ட ஆட்ட வாழ்க்கையை அந்த ஒரு ராத்திரிக்குள் அடைத்துவிடுகிறபோது வேறொரு கேள்வி காணாமல் போகிறது. ஆடுகிற உடம்பு யாருக்குச் சொந்தம்? முதலாளி, ராணுவம், இயக்கம், அரசு என்று நாலு பேர் அந்தக் கால்களுக்கு அடுத்தடுத்து உரிமை கொண்டாடினார்கள். நாலு பேருமே 'நம்ம பையன்' என்றுதான் சொன்னார்கள். இந்த நாலு உரிமைகோரல்களின் வரலாறாக அவருடைய வாழ்க்கையை வாசித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

பந்து உதைக்கிறவனைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கூத்தைப் பற்றி எழுதுகிறோம், சினிமாவைப் பற்றி எழுதுகிறோம், ஒப்பாரியைப் பற்றிக்கூட எழுதியாயிற்று. விளையாட்டை மட்டும் நாளிதழின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டோம். தமிழில் கூத்துக்கும் ஆட்டம் என்றுதான் பெயர், பந்துக்கும் ஆட்டம்தான், சாமி வந்தாலும் ஆட்டம்தான். மொழி ஒன்றாக வைத்திருப்பதை நம்முடைய விமர்சனம் எதற்காகப் பிரித்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2

மெக்லூஃபி பிறந்தது 1936 ஆகஸ்டில், கிழக்கு அல்ஜீரியாவின் ஸெதிஃப் நகரத்தில். இந்த ஊர்ப் பெயரைச் சும்மா தாண்டிப் போய்விட முடியாது. 1945 மே 8. ஐரோப்பாவில் ஜெர்மனி சரணடைந்த நாள். பாசிசம் தோற்றதைக் கொண்டாட ஸெதிஃபிலும் ஊர்வலம் போனார்கள். பாசிசத்தை எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியின் கீழ் செத்த அல்ஜீரியர்களின் குடும்பங்கள் அந்த ஊரில் இருந்தன. ஊர்வலத்தில் ஒரு இளைஞன் அல்ஜீரியக் கொடியைத் தூக்கினான், போலீஸ் சுட்டது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் ஐரோப்பியர்கள் சுமார் 100 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலாகப் பிரெஞ்சு ராணுவமும் குடியேறிகளின் ஆயுதக் கும்பல்களும் வாரக் கணக்கில் கிராமங்களை வேட்டையாடின. விமானத்திலிருந்தும் கப்பலிலிருந்தும் குண்டு வீசினார்கள். செத்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் என்றது அன்றைய பிரெஞ்சு நிர்வாகம். 45,000 என்கிறது அல்ஜீரியா. அப்போது மெக்லூஃபிக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை.

அதே ஸெதிஃபில் அதே ஊர்வலத்தில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன் ஒருவனும் கைதானான். பெயர் காதெப் யாசின். பின்னாளில் 'நெஜ்மா' நாவலை எழுதியவர். 1956ல் பாரீசில் அந்த நாவல் வெளிவந்தபோது மெக்லூஃபி சேந்த்-எத்தியேனில் கோல் அடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பிரெஞ்சு மொழியை எடுத்துக்கொண்டார், இன்னொருவர் பிரெஞ்சு மைதானத்தை. காலனி கொடுத்த கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இரண்டு பேருக்கும் பொதுவான பிரச்சினை. நாவலாசிரியரின் பிரச்சினையைப் பற்றி உலகம் பூராவும் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன.

1954 கோடையில், பதினெட்டு வயதில், அவர் சேந்த்-எத்தியேனுக்கு வந்து சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கமும் ஆயுதத் தொழிற்சாலையும் உள்ள ஊர். அந்த ஊர்க் கழகம் காஸினோ என்கிற பலசரக்குக் கடை நிறுவனத்தின் கழகமாகப் பிறந்தது. அதன் பச்சைச் சட்டைகூட அந்தக் கடையின் நிறம். சுரங்கத்தில் வட ஆப்பிரிக்கத் தொழிலாளிகள் இருந்தார்கள். சுரங்கத்துக்கு ஆள் பிடித்தது மாதிரியே மைதானத்துக்கும் காலனியிலிருந்து ஆள் பிடித்தார்கள் என்று சொல்வதில் பெரிய மிகையில்லை. மெக்லூஃபி வந்து மூன்று மாதத்தில், நவம்பர் 1 அன்று, அல்ஜீரியாவில் ஆயுதப் போர் தொடங்கியது.

காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் 1980ல் க்ரியா வெளியீடாக வந்ததிலிருந்து நமக்குப் பழக்கம். கடற்கரையில் சுடப்படுகிற அராபியனுக்கு அந்த நாவலில் பெயர் கிடையாது. இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. காம்யு இளமையில் அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக ஆடியவர் என்பதும் தெரிந்ததுதான். நான் கவனப்படுத்த விரும்புவது வேறு. 1950களின் பிரான்சில் அராபியனுக்குப் பெயர் இருந்த சில இடங்களில் விளையாட்டுப் பக்கமும் ஒன்று. தெருவில் அடையாளச் சீட்டு கேட்டு நிறுத்தப்படுகிறவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டான். அந்தப் பெயருக்கு நிபந்தனை உண்டு. கோல் அடிக்கிற வரைக்கும் அவன் பிரெஞ்சுக்காரன்.

1957ல் சேந்த்-எத்தியேன் முதல் தடவையாக லீகை வென்றது. பயிற்சியாளர் ழான் ஸ்நெல்லா. அந்த அணியின் தாக்குதல் இரண்டு இளைஞர்களை நம்பியிருந்தது. ஒருவர் மெக்லூஃபி, மற்றவர் கமரூனிலிருந்து வந்த யூஜின் எஞ்ஜோ லேயா. அதே 1957ல் பியூனஸ் அயர்ஸில் நடந்த ராணுவ அணிகளுக்கான உலகப் போட்டியைப் பிரெஞ்சு ராணுவ அணி வென்றது. அதிலும் மெக்லூஃபி ஆடினார். அவருக்கு அப்போது கட்டாய ராணுவ சேவை. தன் சொந்த நாட்டில் கிராமங்களை எரித்துக்கொண்டிருந்த ஒரு ராணுவத்தின் பெயரால் அவர் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதற்காக அவரைக் குற்றம் சொல்வது எளிது. காலனியில் பிறந்தவனுக்கு எந்தச் சட்டையும் ஏற்கெனவே யாரோ தைத்து வைத்ததுதான் என்பதை மறந்துவிட்டால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

3

1957 மே 26 அன்று பாரீசுக்கு வெளியே கொலோம்ப் மைதானத்தில் பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டம். துலூஸ் அணி ஆன்ஜே அணியை 6-3 என்று வென்றது. துலூஸில் ஆடியவர்களில் அல்ஜீரியர்களும் உண்டு. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகிறபோது முகமது பென் சதோக் என்கிற இளைஞர் அலி ஷெக்கால் என்பவரைச் சுட்டுக் கொன்றார். ஷெக்கால் அல்ஜீரியச் சட்டமன்றத்தின் முன்னாள் துணைத் தலைவர், பிரான்சின் பக்கம் உறுதியாக நின்ற அல்ஜீரியர். வழக்கில் பென் சதோக் தரப்புக்கு சார்த்தர் சாட்சி சொன்னார். மைதானம் அரசியலுக்கு வெளியே இருக்கிற புல்தரை என்கிற கற்பனை அன்றைக்கே முடிந்துபோனது. ஆனால் இயக்கம் மைதானத்தை வேறு விதமாகப் பயன்படுத்த முடியும் என்று யோசித்தவர் முகமது பூமெஸ்ராக். பிரான்சில் ஆடிய பழைய ஆட்டக்காரர். பிரெஞ்சுக் கழகங்களில் இருக்கிற அல்ஜீரிய ஆட்டக்காரர்களை ஒரே நேரத்தில் வெளியேற்றி ஒரு தேசிய அணியைக் கட்டுவது அவர் திட்டம். அப்போது தேசம் என்று ஒன்று வரைபடத்தில் கிடையாது.

1958 ஏப்ரல் நடுவில் அது நடந்தது. ஒவ்வொருவராக, இரண்டிரண்டு பேராக, ரயிலிலும் காரிலும் இத்தாலி வழியாகவும் சுவிட்சர்லாந்து வழியாகவும் கிளம்பினார்கள். மொனாக்கோவிலிருந்து முஸ்தஃபா ஜிதூனி. பிரெஞ்சு அணியின் தடுப்பாட்டத்துக்கு அவரைத்தான் நம்பியிருந்தார்கள், ஏப்ரல் 16ல் சுவிட்சர்லாந்தோடு ஆட்டம். துலூஸிலிருந்து ஸயீத் பிராஹிமி, ஹமீது பூஷூக். மெக்லூஃபி 13ஆம் தேதி நடந்த லீக் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். மொக்தார் அரிபியும் அப்துல் ஹமீது கெர்மாலியும் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் ஸெதிஃப்காரர்கள், மூத்த ஆட்டக்காரர்கள். எல்லையில் காவலர்கள் மெக்லூஃபியை அடையாளம் கண்டுகொண்டார்களாம். செய்தி இன்னும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. சந்தோஷமாக வழியனுப்பி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஹசன் ஷப்ரி, முகமது மவூஷ் இருவரும் பிடிபட்டார்கள். மற்றவர்கள் ரோம் வழியாகத் துனிஸ் போய்ச் சேர்ந்தார்கள். மெக்லூஃபியைப் பொறுத்தவரை இது கழகத்தை விட்டு ஓடியதோடு முடிகிற விஷயமில்லை. ராணுவச் சேவையில் இருந்தவர், போர்க்காலத்தில் தப்பி ஓடியவர் ஆகிறார். அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த வாரத்திலேயே, ஏப்ரல் 15 அன்று, பிரெஞ்சு அரசாங்கம் நாடாளுமன்றத்தில் கவிழ்ந்தது. ஒரு மாதத்தில் டி கோல் திரும்பி வருவதற்கான நெருக்கடி உண்டாயிற்று. கால்பந்தாட்டக்காரர்கள் ஓடியதால் அரசு கவிழவில்லை. ஆனால் அல்ஜீரியா என்பது எங்கோ மலையில் நடக்கிற கலகம் என்று நினைத்துக்கொண்டிருந்த பிரெஞ்சுக் குடும்பத்துக்கு அன்றைய விளையாட்டுச் செய்தி வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். தாங்கள் கைதட்டிய முகம் தங்களை விட்டுப் போய்விட்டது.

தமிழ் படித்தவன் என்கிற முறையில் எனக்கு இந்தப் பயணம் ஆற்றுப்படை இலக்கியத்தை ஞாபகப்படுத்துகிறது. ஏற்கெனவே பரிசில் பெற்ற பொருநனோ பாணனோ வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனிடம் இன்ன வழியாக இன்ன புரவலனிடம் போ என்று வழிகாட்டுவது அதன் அமைப்பு. கலைஞனின் உடம்பு புரவலனை நோக்கியே நடக்கிறது. அரிபியும் கெர்மாலியும் காட்டிய வழி இந்த அமைப்பைத் தலைகீழாக்குகிறது. நல்ல சம்பளமும் பேரும் இருக்கிற இடத்திலிருந்து, இன்னும் பிறக்காத ஒரு அரசை நோக்கி ஆட்டக்காரன் ஆட்டக்காரனைக் கூட்டிக்கொண்டு போகிறான். பூமெஸ்ராக்கின் திட்டம் ஆட்டக்காரனுடைய திட்டம், வந்து அழைத்ததும் ஆட்டக்காரர்கள், சம்மதித்ததும் ஆட்டக்காரன். கட்டளையும் தியாகமுமாக இதைச் சொல்கிற கதையாடலில் இந்தப் பக்கவாட்டு உறவுக்கு இடமே இல்லை.

4

தேசிய விடுதலை முன்னணி அணி என்று வரலாற்றில் பெயர் பெற்ற அந்த அணி 1958 மே மாதம் துனிஸில் ஆடத் தொடங்கியது. பிரெஞ்சுக் கூட்டமைப்பு அவர்கள் ஒப்பந்தங்களை ரத்து செய்தது. ஃபிஃபா அணியை அங்கீகரிக்கவில்லை, அவர்களோடு ஆடுகிறவர்களுக்குத் தண்டனை என்று மிரட்டியது. அதற்கு அஞ்சிக் கதவைச் சாத்திய நாடுகளும் உண்டு. கிழக்கு ஐரோப்பாவில் தேசிய அணி என்று சொல்லாமல் நகர அணி, தொழிற்சங்க அணி என்று வேறு பெயரில் ஆடி ஒப்பேற்றினார்கள். துனிசியா, மொராக்கோ, லிபியா, இராக், ஜோர்டான், பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, சோவியத் யூனியன், சீனா, வடக்கு வியத்நாம் என்று நான்கு வருஷம் சுற்றினார்கள். எண்பது, தொண்ணூறு ஆட்டங்கள் இருக்கும், எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1961ல் பெல்கிரேடில் யூகோஸ்லாவியாவை 6-1 என்று வென்றார்கள். அணிக்குள் வந்துபோனவர்கள் முப்பது பேருக்கு மேல்.

வியத்நாமில் ஹோ சி மின்னையும் ஜெனரல் ஜியாப்பையும் பார்த்தார்கள். ஐந்து வருஷம் முன்னால் அந்த மண்ணில் தியன் பியன் ஃபூவில் தோற்ற பிரெஞ்சுப் படையில் அல்ஜீரியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதே நாட்டு இளைஞர்கள் இப்போது வேறு சட்டையில் வந்திருக்கிறார்கள். காலனியின் உடம்பு ராணுவச் சீருடையிலிருந்து தன்னை உருவிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான ஒரு காட்சி எனக்குத் தெரியவில்லை.

ஹாப்ஸ்பாம் தேசியம் பற்றிய தன் நூலில் (1990) ஒரு விஷயம் சொல்கிறார். கோடிக்கணக்கானவர்களின் கற்பிதச் சமூகம், பெயர் தெரிந்த பதினோரு பேர் கொண்ட அணியாக வந்து நிற்கும்போது இன்னும் நிஜமாகத் தெரிகிறது என்கிற பொருளில். ஆண்டர்சனின் கற்பிதச் சமூகம் பற்றி இங்கே நிறைய விவாதித்திருக்கிறோம். அல்ஜீரிய அணி இந்த விவாதத்தை இன்னும் ஒரு படி தள்ளுகிறது. இங்கே தேசத்தின் பிரதிநிதியாக அணி வரவில்லை, அணி வந்த பிறகுதான் அரசு வருகிறது. மைதானத்தில் கொடி ஏற வேண்டும், 'கஸமன்' பாடப்பட வேண்டும். ஒரு வேற்று நாட்டு அதிகாரி எழுந்து நிற்க வேண்டும். அந்தக் கீதத்தை முஃப்தி ஸக்கரியா 1955ல் எழுதியது அல்ஜியர்ஸ் சிறையில். சிறையில் எழுதப்பட்ட பாட்டுக்குப் பிரதமர்கள் எழுந்து நிற்கிறார்கள். இறையாண்மை என்பதே இப்படி நிகழ்த்திக் காட்டி உண்டாக்கப்படுவதுதான் என்று கோட்பாட்டாளர்கள் சொல்வார்கள். இவர்கள் தொண்ணூறு தொண்ணூறு நிமிஷமாக அதைச் செய்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பைப் பதிவு செய்தாக வேண்டும். தேசம் பதினோரு ஆண்களின் உடம்பாக நின்றது. 1957ல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜமீலா பூஹிரெதும், வெடிகுண்டுக் கூடையைச் சுமந்து சோதனைச் சாவடிகளைக் கடந்த மற்ற பெண்களும் போரில் இருந்தார்கள். கீதத்துக்கு முன் வரிசையாக நிற்கிற அந்தப் படத்தில் அவர்கள் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அல்ஜீரியப் பெண்களை எங்கே நிறுத்தினார்கள் என்பதற்கு இந்த வரிசை ஒரு முன்னறிவிப்பு மாதிரி இருக்கிறது. 1984ன் குடும்பச் சட்டத்தை வாசித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொரு மறுப்பு ஃபனானிடமிருந்து வருகிறது. அதே ஆண்டுகளில் அவரும் துனிஸில்தான் இருந்தார். மனநல மருத்துவராகவும் முன்னணியின் பத்திரிகையான 'எல் முஜாஹித்'தில் எழுதுகிறவராகவும். 1961ல் வெளிவந்த கடைசி நூலில், விடுதலை பெற்ற நாடுகளின் தலைவர்கள் விளையாட்டு வீரர்களைத் தயாரிப்பதில் மெனக்கெடக் கூடாது, விழிப்புள்ள மனிதர்களை உருவாக்க வேண்டும், அவர்கள் விளையாடவும் செய்வார்கள் என்கிற நிலைப்பாட்டை எடுக்கிறார். ஸ்டேடியத்தைவிட வயலும் பள்ளிக்கூடமும் அவருக்கு முக்கியம். வரப்போகிற அரசுகளைப் பற்றிய எச்சரிக்கையாக ஃபனான் சொன்னது சரி என்றே படுகிறது. ஆனால் தன் ஊரிலேயே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த அணியில் அவர் கேட்கிற விழிப்பு ஏற்கெனவே உண்டாகிக்கொண்டிருந்தது. பந்தும் அரசியலும் அங்கே இரண்டு வேலையாக இல்லை. கொடி ஏற்றப்படாவிட்டால் ஆடுவதா வேண்டாமா என்பது ஆட்டக்காரன் பேசியாக வேண்டிய விஷயம். சம்பளம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவனுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

அவர்கள் சுற்றிக்கொண்டிருந்தபோது பிரான்சில் மைதானம் என்னவாயிற்று என்பதையும் பார்க்கலாம். 1961 அக்டோபர் 17 இரவு பாரீசில் ஊரடங்கை எதிர்த்து ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீஸ் ஆயிரக்கணக்கில் பிடித்தது. பலரைச் சுட்டும் அடித்தும் ஸேன் நதியில் எறிந்தும் கொன்றது. பிடிபட்டவர்களைக் கொண்டுபோய் அடைத்த இடங்களில் விளையாட்டரங்கமும் கூபர்த்தேன் மைதானமும் உண்டு.

5

1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. தியாகக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மெக்லூஃபிக்கு வயது 26 நிரம்பவில்லை. அந்தப் பருவத்தில் ஜெனீவாவின் செர்வெத் கழகத்தில் பழைய பயிற்சியாளர் ஸ்நெல்லாவிடம் ஆடி சுவிஸ் லீகை வென்றார். 1962 இறுதியில் சேந்த்-எத்தியேனுக்கே திரும்பினார். அல்ஜீரியப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கிற ஊர். முதல் ஆட்டத்தில் பந்து அவர் காலுக்கு வருகிற வரைக்கும் கூட்டம் மௌனமாக இருந்தது, பிறகு கைதட்டியது என்பார்கள். இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த கழகம் மறு வருஷமே மேலே ஏறியது, 1964ல் லீகை வென்றது. 1967லும் 1968லும் மறுபடி.

விடுதலைப் போராளி காலனிய நாட்டுக்கே திரும்பிப் போய்ச் சம்பளத்துக்கு ஆடியது முரண்பாடில்லையா? என்னைக் கேட்டால், இந்தத் திரும்பல்தான் 1958க்குச் சரியான அர்த்தம் தருகிறது. அவர் பிரான்சை வெறுத்து ஓடவில்லை. பிரான்ஸ் தன்னைச் சொந்தம் கொண்டாடுவதை மறுத்து ஓடினார். அந்த உரிமைகோரல் போனபிறகு அங்கே ஆடுவதில் அவருக்குத் தடை இல்லை. வெளிநாட்டுக்காரனாக, ஒரு சுதந்திர நாட்டின் குடிமகனாக ஆடினார்.

ஆனால் இன்னொரு சொந்தக்காரர் அங்கே காத்திருந்தார். அன்றைய பிரெஞ்சு ஒப்பந்த முறைப்படி தொழில்முறை ஆட்டக்காரன் 35 வயது வரை கழகத்துக்குக் கட்டுப்பட்டவன். விற்பதும் வைத்துக்கொள்வதும் கழகத்தின் இஷ்டம். 1963ல் ரேமோன் கோப்பா, போலந்து வம்சாவளிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், ஐரோப்பாவின் பெரிய நட்சத்திரம், ஆட்டக்காரர்கள் அடிமைகள் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதற்கு முன்பே 1961 நவம்பரில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் பிறந்திருந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவர் யூஜின் எஞ்ஜோ லேயா. ஆம், 1957ல் மெக்லூஃபியோடு தோளோடு தோள் நின்ற அதே கமரூன்காரர். சட்டம் படித்தவர். ஒரே அணியின் இரண்டு ஃபார்வர்டுகளில் ஒருவர் எல்லையைத் தாண்டினார், மற்றவர் சங்கம் கட்டினார். மெக்லூஃபிக்கு விழுந்த மாலைகளில் ஒன்றுகூட எஞ்ஜோ லேயாவுக்கு விழவில்லை. தேசத்துக்கு நினைவுச் சின்னம் எழுப்புகிறவர்கள் சங்கத்துக்கு எழுப்புவதில்லை. இருவரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்.

1968 மே 12, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ராத்திரிக்கு முன்னால் பாரீசில் மாணவர்கள் தடுப்பரண் எழுப்பிப் போலீசோடு மோதியிருந்தார்கள். மறுநாள் பொது வேலைநிறுத்தம். நடுவில் இந்த ஞாயிறு, கொலோம்ப் மைதானத்தில் கோப்பை இறுதி ஆட்டம். போர்தோவை சேந்த்-எத்தியேன் 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் மெக்லூஃபி. கோப்பையைக் கொடுத்த டி கோல் அவரிடம் பிரான்ஸ் என்றால் நீங்கள்தான் என்கிற மாதிரிச் சொன்னதாகக் கதை வழங்குகிறது. பத்து வருஷத்துக்கு முன் அதே குடியரசின் ராணுவத்தை விட்டு ஓடியவர் அவர். அதிகாரத்தின் தழுவலுக்கு எல்லையே இல்லை. எதிர்த்து ஓடியவனையும் ஜெயித்தபிறகு தன்னுடையவன் என்று சொல்லிவிடும். பத்து நாள் கழித்து, மே 22 அன்று, ஒரு கூட்டம் ஆட்டக்காரர்கள் பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் அலுவலகத்தைக் கைப்பற்றிக் கால்பந்து ஆடுகிறவர்களுக்கே என்று பதாகை கட்டினார்கள். 35 வயது ஒப்பந்த முறை 1969ல் ஒழிந்தது. தெருவிலிருந்த மாணவர்களுக்கும் சங்கத்திலிருந்த ஆட்டக்காரர்களுக்கும் நடுவே அந்தக் கதவு திறந்தது. கோப்பை கொடுத்த ஜனாதிபதிக்கு இதில் பங்கு இல்லை.

6

பாஸ்தியாவில் ஆடி முடித்து மெக்லூஃபி நாடு திரும்பினார். 1970களிலும் 1982லும் தேசிய அணியின் பயிற்சிப் பொறுப்பில் இருந்தார். 1975ல் அல்ஜியர்ஸில் நடந்த மத்தியதரைக்கடல் நாடுகளின் போட்டியில் அவருடைய அணி இறுதி ஆட்டத்தில் பிரான்சையே 3-2 என்று வென்றது. 1982 ஜூன் 16 அன்று ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வென்று உலகத்தை அதிர வைத்தபோது பயிற்சிக் குழுவில் அவரும் இருந்தார். ஒன்பது நாள் கழித்து அதே ஊரில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு கோலோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்துக்குப் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்து, அல்ஜீரியாவை வெளியேற்றின. பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிற விதி அதற்குப் பிறகு வந்ததுதான். 1958ல் ஃபிஃபாவின் முகம் எப்படி இருந்ததோ 1982லும் அப்படித்தான் இருந்தது.

இது வெளியே இருக்கிற அநியாயம். உள்ளே? விடுதலை பெற்ற அரசு விளையாட்டை அரசுடைமையாக்கியது. 1977ன் சீர்திருத்தத்தில் கழகங்கள் தேசிய நிறுவனங்களோடு இணைக்கப்பட்டன. காஸினோ கடையின் இடத்தில் எண்ணெய் நிறுவனமும் ரயில்வேயும் வந்தன. தொழிலாளிக்கு வேலை, ஆட்டக்காரனுக்கு வேலை, மைதானம், பயிற்சி என்று இதில் நல்லதும் நிறைய உண்டு. 1982 அணியே அதன் விளைச்சல்தான். ஆனால் அதே அரசு இன்னொன்றும் செய்தது. 28 வயது ஆகும்வரை ஆட்டக்காரன் வெளிநாட்டுக் கழகத்துக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. பிரெஞ்சு முதலாளி 35 என்றான். விடுதலை பெற்ற அரசு 28 என்றது. ஏழு வருஷ லாபம். பதினெட்டு வயதில் கடல் கடந்து போய்த்தான் மெக்லூஃபி மெக்லூஃபி ஆனார் என்பதையும், தன் முடிவால்தான் திரும்பினார் என்பதையும், அவரைத் தியாகியாக்கிய அரசு யோசிக்கவே இல்லை. ஏனென்றால் தியாகியிடம் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இதை ஏன் எழுத்தாளர்களும் இயக்க நண்பர்களும் வாசிக்கிற ஒரு பத்திரிகையில் எழுதுகிறேன்? கலை கலைக்காகவா, கலை மக்களுக்காகவா என்கிற பழைய சண்டை நம்மிடம் இன்னும் தீரவில்லை. ஒரு தரப்பு, இயக்கத்துக்குப் போனால் எழுத்து கெட்டுவிடும் என்கிறது. மற்றத் தரப்பு, கலைஞன் தன் திறமையை இயக்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது. இரண்டு தரப்புமே கலைஞனை யாரோ ஒருவருடைய சொத்தாகத்தான் பார்க்கின்றன. மெக்லூஃபி இயக்கத்தில் இருந்த நான்கு வருஷத்தில் அவர் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, பெல்கிரேடில் ஆறு கோல் விழுந்ததே அதற்குச் சாட்சி. திரும்பி வந்து மூன்று லீக் வென்றார். இயக்கம் ஆட்டத்தைத் தின்றுவிடும் என்கிற பயத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை. அந்த நான்கு வருஷம் சாத்தியமானதற்குக் காரணம், ஆட்டக்காரர்கள் தாங்களே பேசி முடிவெடுத்துத் தாங்களே போனதுதான். பிறகு வந்த அரசு கொடியையும் கீதத்தையும் பாதுகாத்துக்கொண்டது. முடிவெடுக்கிற உரிமையை மட்டும் ஆட்டக்காரனிடமிருந்து வாங்கித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டது.

நம்முடைய இயக்கங்களும் பாடகர்களையும் கூத்துக்காரர்களையும் கவிஞர்களையும் மேடைக்குக் கூப்பிடுகின்றன. கூப்பிடட்டும். வந்தவர்கள் கமிட்டியில் உட்கார்ந்து பேச முடிகிறதா, வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா, போய்விட்டுத் திரும்பி வர முடிகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். இந்த மூன்றும் இருக்கிற இயக்கத்துக்குத் தியாகிகள் அவ்வளவாகத் தேவைப்பட மாட்டார்கள்.